மின்னஞ்சலின் தலைப்பு வரி யார் கையில்?

கடந்த மாதம் நூலகத்தில் எமக்குத் தெரிந்த அம்மையார் ஒருவர் எம்மை மறித்து ஒரு கேள்வி கேட்டார். ஊரிலிருக்கும் மனைவியை இங்கு அழைப்பதற்கு இவரது மகன் போட்ட விண்ணப்பம் நெடுநாளாக நகராமற் கிடக்கிறது. உதவி கேட்டுத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு மூன்று மின்னஞ்சல்கள் எழுதிவிட்டாராம். பதில் இல்லை.

"மாஸ்ரர், கடிதத்துக்குள்ள எழுதுறதைச் சிவப்பாக்கிறன், பெரிசாக்கிறன், கீழ்க்கோடும் போடுறன். மேல எழுதுற தலைப்பை மட்டும் ஒண்டும் செய்ய விடுதில்லை. அதைத்தானே அவை முதல் பாக்கினம்? அதைக் கொஞ்சம் எடுப்பாக் காட்ட ஒரு வழியும் இல்லையோ?"

"இல்லை அக்கா" என்று சொன்னோம். சொன்னது சரியான பதில்தான். ஆனால் போதுமான பதிலன்று என்பது வீட்டுக்கு வந்த பின்னரே உறைத்தது. அகதிகளாக வந்த எமது குடும்பங்களுக்கு விசாரணைத் திகதி, பிள்ளையின் பாடசாலை அனுமதி, வீட்டு வாடகை, ஊரிலிருந்து வரும் சுகதுக்கம் எனப் பலவும் இன்று அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டே வந்து சேர்கின்றன. அந்த வரியின்மீது எழுதுபவருக்கு உள்ள அதிகாரம் எவ்வளவு என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஊரில் ஆசிரியராக இருந்த காலத்தில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு உத்தியோகக் கடிதம் எழுதப் பழக்கியிருக்கிறோம். 'ஐயா' என விளித்து, அதற்குக் கீழே கடிதத்தின் விடயத்தை ஒரே வரியில் எழுதி, அடிமட்டம் வைத்துக் கோடிட வேண்டும். கச்சேரிக்கு எழுதுவதாயின் 'எனது இல.', 'உமது இல.' என்பவற்றையும் மறக்கக் கூடாது. கோட்டை வளைத்து இழுத்த பிள்ளைக்கு அரைப் புள்ளி குறைத்த பாவமும் எமக்கு உண்டு. தாளும் எழுதுபவருடையது, மையும் எழுதுபவருடையது. ஆகவே அவர் இட்ட கோடு இட்டபடியே கச்சேரி மேசையில் போய் விழுந்தது.

மின்னஞ்சலின் தலைப்பு வரி அத்தகையதன்று. ஆர்ப்பாநெற் என்னும் அமெரிக்க ஆய்வு வலைப்பின்னலில் கடிதங்களின் முகப்பை ஒழுங்குபடுத்துவதற்காக 1973 செப்டெம்பரில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. அனுப்புநர், திகதி, விடயம் என்னும் மூன்று வரிகளும் அப்போதே வகுக்கப்பட்டுவிட்டன. 1982 ஓகஸ்ட்டில் அவ்விதிகள் விரிவாக எழுதப்பட்டன. அன்றும் சரி, இன்றும் சரி, விடய வரி என்பது வெறும் எழுத்துகளின் தொடர் மட்டுமே. எந்த எழுத்துரு, என்ன பருமன், என்ன நிறம் என்று சொல்வதற்கு அதில் இடமே வைக்கப்படவில்லை. கடிதத்தின் உடற்பகுதியை இணையப் பக்கங்களுக்குரிய எச்.ரி.எம்.எல். குறிகளால் அலங்கரிக்கலாம். அதே குறிகளைத் தலைப்பில் எழுதினால் அலங்காரம் வராது; குறிகளே எழுத்தாகத் தெரியும். வாசிக்காத கடிதத்தின் தலைப்பு தடித்திருப்பதும், வாசித்ததும் மெலிவதும் பெறுபவரின் கணனி செய்கின்ற வேலையாகும்.

இதற்குச் சிலர் குறுக்கு வழி தேடுகின்றனர். கணித நூல்களுக்கென யுனிக்கோட்டில் சேர்க்கப்பட்ட தடித்த ஆங்கில எழுத்துகளை எடுத்துத் தலைப்பில் கோப்பது ஒரு தந்திரம். கண்பார்வை அற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் அவ்வெழுத்துகளில் இடறுகின்றன என்பது ஒருபுறமிருக்க, தமிழுக்கு அத்தகைய தடித்த எழுத்துகள் யுனிக்கோட்டில் இல்லை. சிறு படக்குறிகள் எழுத்துக் கணக்கில் சேர்வதால் தலைப்பில் போய்ச் சேரும். ஆயினும் ஐபோனில் அவை ஒரு வடிவம், சம்சுங்கில் வேறொரு வடிவம். 'அவசரம்' என்று குறித்து அனுப்பும் வசதியும் சில மென்பொருள்களில் உண்டு. அக்குறி தலைப்புடன் சேராமல் தனி வரியாகவே செல்கிறது. பெறுபவரின் மென்பொருள் அதைச் செந்நிற வியப்புக்குறியாகக் காட்டலாம். கண்டும் காணாமலும் விடலாம்.

இந்த வரியினால் எம்மவர் பட்ட பாடு புதிதன்று. 1999 இல் நண்பர் ஒருவரின் வீட்டுக் கணனியில் சுவிற்சர்லாந்திலிருந்து எமக்கு முதலாவது தமிழ் மின்னஞ்சல் வந்தது. பாமினி எழுத்துருவில் எழுதப்பட்ட கடிதம். உடற்பகுதியைத் தெரிவுசெய்து எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றியதும் தமிழ் தெரிந்தது. எமக்குக் கண் கலங்கியது. தலைப்போ மாறவில்லை. 'வணக்கம்' என்று எழுதப்பட்டிருந்தது, ரீ, இசற், எஃப், ஓர் அரைப்புள்ளி, மீண்டும் எஃப், கே, மீண்டும் ஓர் அரைப்புள்ளி என்று நின்றது. காரணம் எளிது. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இலக்கங்களுக்கு மேலே தமிழ் வடிவங்களைப் போர்த்தியவை. போர்வையை விலக்கினால் உள்ளே இருப்பது ஆங்கிலம்தான். பத்திரிகைக்கு எழுத்துக் கோக்கும் நண்பர் ஒருவர் அந்தக் குழப்பத்தைப் பார்த்த மாத்திரத்தில் தமிழாகவே வாசிப்பார். அத்தகைய கலை எல்லோருக்கும் கைவருமா?

யுனிக்கோட் 1991 இல் வெளிவந்தபோதே அதில் தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும் விண்டோஸ் 2000 உடன் லதா எழுத்துரு வந்த பின்னரும் எமது வீடுகளுக்கு அது வந்துசேரச் சில ஆண்டுகள் சென்றன. இதற்கிடையில், ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைத் தலைப்பு வரியில் எப்படி அனுப்புவது என்பதற்கு 1992 ஜூனிலேயே ஒரு முறை வகுக்கப்பட்டிருந்தது. 1996 இல் அது திருத்தப்பட்டது. அதன்படி தமிழ்ச் சொல் ஆங்கில எழுத்துகளாலான ஒரு பொதியாகக் கட்டப்படுகிறது. உள்ளே இருப்பது எந்த எழுத்துக் குறியீடு, எந்த முறையில் கட்டப்பட்டது என்பன பொதியின் முகப்பில் எழுதப்படுகின்றன. பெறுபவரின் கணனி முகப்பைப் படித்துப் பொதியை அவிழ்க்கிறது.

'வணக்கம்' என்பதை யுனிக்கோட் ஏழு குறிகளாக எண்ணுகிறது. மெய்யெழுத்தின் புள்ளியும் அங்கே ஒரு குறி. பரவலாக வழங்கும் யு.ரி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைற். ஆக 21 பைற்றுகள். பொதியாகக் கட்டும்போது அவை 28 எழுத்துகளாக நீளுகின்றன. ஒரு பொதி 75 எழுத்துக்கு மேற்படக் கூடாது என்பது விதி. எனவே ஏறத்தாழ 15 தமிழ்க் குறிகளுக்கு ஒரு தடவை பொதியைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. திருத்தமற்ற மென்பொருள் ஓர் எழுத்தின் நடுவிலேயே வெட்டிவிட்டால், மறுபக்கத்தில் கேள்விக்குறிதான் தெரியும். முகப்பைப் பிழையாக எழுதினால் தலைப்பு முழுவதுமே சிதறும். தமிழ் எழுத்துரு அற்ற கணனியில் வெற்றுச் சதுரங்கள் வரும். பொதி கட்டாமல் நேராகவே யுனிக்கோட்டில் அனுப்புவதற்கு 2012 இல் விதி வந்தது. ஆனால் இடையிலுள்ள சேவையகங்களும் பெறுபவரின் சேவையகமும் அதை ஏற்க வேண்டும். சொந்தங்களுக்குத் தமிழில் தலைப்பிடுவதில் இன்று பெரும்பாலும் தொல்லை இல்லை. அலுவலகங்களுக்கு எழுதும்போது அந்நாட்டு மொழியில் தலைப்பிடுவதே உத்தமம் என்பது எமது துணிபு. தமிழ்ப் பற்று வேறு, கோவை நகர்வது வேறு.

இனி அந்த அம்மையாரின் தலைப்புக்கு வருவோம். மறுவாரம் அவரைத் தேடிச்சென்று, எழுதியதைக் காட்டும்படி கேட்டோம். 'மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு எனது மகனின் மனைவியின் விண்ணப்பம் தொடர்பாகத் தாழ்மையான வேண்டுகோள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தில் நாம் பழக்கிய மரியாதைதான். ஆனால் தலைப்பை எங்கே வெட்டுவது என்பதைத் தீர்மானிப்பது பெறுபவரின் திரையின் அகலம். மேசைக் கணனியில் ஓரளவு நீளமாகத் தெரியும். கைத்தொலைபேசியில் சில சொற்களோடு முடிந்துவிடும். அத்துடன், வெளியிலிருந்து வரும் கடிதங்களின் தலைப்புக்கு முன்னால் 'வெளியார்' என்ற பொருள்படும் அடையாளத்தைத் தாமாகவே ஒட்டும் அலுவலகங்களும் உள்ளன. மோசடிக் கடிதங்களைப் பற்றி ஊழியரை எச்சரிப்பதற்கான ஏற்பாடு அது. எனினும் இருக்கும் சிறு இடத்தில் முதற் பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அம்மையாரின் தலைப்பில் 'மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு' என்பதற்கு அப்பால் எவருக்கும் எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை.

நாம் அதைக் குலைத்து அடுக்கினோம். கோவை இலக்கம் முதலில். பின்னர் 'துணைவர் விண்ணப்பம்'. பின்னர் எத்தனை மாதம் காத்திருப்பு என்பது. மரியாதை முழுவதையும் உள்ளே இறக்கிவிட்டோம். அதிலும் முதல் வாக்கியம் கவனத்துக்குரியது. பல மென்பொருள்கள் தலைப்புக்கு அருகில் அல்லது கீழே கடிதத்தின் முதற் சொற்கள் சிலவற்றை மங்கலாகக் காட்டுகின்றன. வர்த்தக நிறுவனங்கள் அந்த இடத்துக்கென்றே ஒரு வரியை எழுதிக் கடிதத்தினுள் மறைத்து வைப்பதுண்டு. அதுவும் உறுதியான இடமன்று. 2024 ஒக்டோபர் முதல் அப்பிள் நிறுவனத்தின் புதிய ஐபோன்கள் சிலவற்றில், எழுதியவரின் முதற் சொற்களுக்குப் பதிலாக இயந்திரம் தானே எழுதிய சுருக்கம் அவ்விடத்தில் தோன்றுகிறது. எழுதுபவருக்கு இருந்த துண்டு நிலத்திலும் ஒரு பங்கு போயிற்று.

தலைப்பில் பிழையான சொல்லை இடுவதைவிடப் பழைய தலைப்பை அப்படியே விட்டுவிடுவதே எம்மவர் பெரும்பாலும் செய்யும் தவறு. 2019 இல் எமக்கு நெருக்கமான குடும்பமொன்று அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருந்தது. ஊரிலிருந்து தருவித்த சத்தியக்கடதாசிகளின் மொழிபெயர்ப்பைச் சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மகனுக்கு முகவரி நினைவில் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் அந்த அலுவலகம் அனுப்பிய கட்டணப் பற்றுச்சீட்டு மின்னஞ்சலைத் தேடியெடுத்து, 'பதில்' பொத்தானை அழுத்தி, பத்திரங்களை இணைத்து அனுப்பினான். தலைப்பு 'பற்றுச்சீட்டு' என்றே போயிற்று. அலுவலகத்தில் அது கணக்குப் பார்ப்பவரின் கோவையோடு சேர்ந்து கிடந்தது. பத்திரங்கள் ஒப்படைக்கும் இறுதி நாளுக்கு முதல்நாள், ஏதோ மனம் கேளாமல் தகப்பனார் நேரிற் போய் விசாரித்தபோதுதான் விடயம் வெளிவந்தது. அன்று மாலையே எல்லாவற்றையும் அச்சிட்டுக் கையில் கொடுத்தார்கள். அவர் போகாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது.

மென்பொருள்கள் ஒரே தொடரான கடிதங்களை ஒரே கட்டாக வைக்கின்றன என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். 2004 இல் ஜீமெயில் வந்தபோது இந்த வழக்கம் பரவலானது. கண்ணுக்குத் தெரியாத தொடர்பு இலக்கங்களையும் தலைப்பையும் பார்த்தே கட்டு கட்டப்படுகிறது. ஜீமெயிலில் பதிலெழுதும்போது தலைப்பை மாற்றினால் புதிய கட்டு தொடங்குகிறது. ஆகவே புதிய விடயத்துக்குப் பழைய கடிதத்தை எடுத்தாலும், தலைப்பை அழித்துப் புதிதாக எழுதும் அதிகாரம் எழுதுபவருக்கு உண்டு. அனுப்பும் பொத்தானை அழுத்தும் வரை மட்டும்! அதன் பின்னர் அவரால் ஓர் எழுத்தையும் திருத்த முடியாது. வேடிக்கை என்னவெனில், பெறுபவருக்கு அது முடியும். அவுட்லுக் மென்பொருளின் வழமையான பதிப்பில், தமக்கு வந்த கடிதத்தின் தலைப்பைப் பெறுபவர் தமது பிரதியில் மாற்றி எழுதிச் சேமிக்கலாம்.

எவரும் எதையும் தலைப்பில் எழுதலாம் என்பதால் ஏமாற்றுவோரும் எழுதுகின்றனர். நாம் ஒருபோதும் எழுதாத கடிதத்துக்குப் பதில் போலத் தோன்றும் கடிதங்களும், 'உங்கள் குடிவரவுக் கோவை' என்று தொடங்கும் கடிதங்களும் இந்த வகையின. வர்த்தக மின்னஞ்சல்களில் மயக்கும் தலைப்பிடுவதை அமெரிக்கா 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், நாம் வாழும் கனடா 2014 ஜூலை 1 இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தாலும் தடைசெய்தன. மோசடிக்காரர் சட்டம் படித்துவிட்டு எழுதுவதில்லை.

வேறொன்றும் எமது மனதை உறுத்துகிறது. போர்க்காலத்தில் கடிதம் பிரித்துப் படிக்கப்படும் என்ற அச்சத்திலேயே எழுதிப் பழகியவர்கள் நாம். ஊர்ப் பெயர் எழுதமாட்டோம்; 'மாமா வீட்டில் எல்லோரும் சுகம்' என்றால் அதற்கு வேறு பொருள் இருக்கும். உறைக்கு வெளியே எதையும் எழுதவே மாட்டோம். மின்னஞ்சலின் தலைப்பு உறைக்கு வெளியே எழுதுவதற்கு ஒப்பானது. பெறுபவரின் தொலைபேசி பூட்டியிருக்கும்போதும் அவ்வரி திரையில் ஒளிர்கிறது. அதை மறைக்கும் வசதி பெறுபவரிடம் உண்டு, எழுதுபவரிடம் இல்லை. கடிதத்தின் உடலை மறைகுறியாக்கி அனுப்பும் பி.ஜி.பி. போன்ற முறைகள் 1991 முதல் இருந்து வருகின்றன. அவற்றிலும் தலைப்பு பெரும்பாலும் திறந்தபடியே சென்றுள்ளது. ஒரு வீட்டில் நான்கு பேர் அறை பகிர்ந்து வாழும் இளைஞனுக்கு 'உமது அகதிக் கோரிக்கை நிராகரிப்பு' என்று தலைப்பிட்டு எழுதலாமா? ஊரிலுள்ள ஒருவருக்கு, அவர் தொலைபேசியை யார் யார் வாங்கிப் பார்ப்பார்கள் என்று அறியாமல், இயக்கத்தின் பெயரையோ காணாமற் போனவரின் பெயரையோ தலைப்பில் இடலாமா? அம்மையாரின் தலைப்பில் எவருடைய பெயரையும் சேர்க்காமல் இலக்கத்தை மட்டும் நாம் வைத்தது இதனாலேயே.

தலைப்பின் முன்னால் தானாக வந்து ஒட்டும் 'ஆர்-ஈ' பற்றிச் சொல்ல மறந்துவிட்டோம். பலர் அதை ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் என்று எண்ணுகின்றனர். 'இவ்விடயத்தில்' எனப் பொருள்படும் 'இன் ரே' என்னும் இலத்தீன் தொடரிலிருந்து வந்ததென மின்னஞ்சல் விதிகளிலேயே விளக்கம் உண்டு. ஜேர்மன் மென்பொருள்களில் அதற்குப் பதிலாக 'ஏ-டபிள்யூ' வருவதுண்டு. 'அன்ற்வோர்ட்', அதாவது பதில். நோர்வேயில் 'எஸ்-வீ', 'ஸ்வார்', அதுவும் பதில்தான். பல மென்பொருள்கள் தமது மொழி அடையாளத்தை மட்டும் இனங்கண்டு, இரண்டாம் முறை சேர்க்காமல் விடும். அயல்மொழி அடையாளத்தைத் தலைப்பின் பகுதியாகவே எண்ணி, அதன் முன்னால் தமது அடையாளத்தையும் சேர்க்கும். ஒரே மொழி நாட்டில் ஒரே மென்பொருளை வைத்திருப்போர் இதை உணரார். நாடு நாடாகச் சிதறிய எமது குடும்பங்கள் உணரும்.

2012 தை மாதத்தில், யாழ்ப்பாணத்தில் அம்மாவைப் பராமரித்து வந்த எமது சின்னத் தங்கை 'அம்மாவின் சுகம்' என்று தலைப்பிட்டு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். ஜேர்மனியிலிருந்து அண்ணா பதில் எழுதினார். நோர்வேயிலிருந்து மூத்த தங்கை எழுதினாள். நாம் இங்கிருந்து எழுதினோம். மருந்து, மருத்துவர், இரத்தப் பரிசோதனை, அனுப்பிய காசு என ஐந்து மாதமாக அந்த ஒரே தலைப்பின் கீழ் எல்லாம் ஓடியது. வைகாசி முடிவில் தலைப்பின் முன்னால் மூன்று நாட்டு அடையாளங்களும் மாறி மாறி நீண்டு, 'அம்மாவின்' என்ற சொல்லே திரைக்கு வெளியே போய்விட்டது.

ஆனி மாதத்தில் ஓர் இரவு அம்மா காலமானார். சின்னத் தங்கை எம் இருவருக்கும் தொலைபேசியில் சொன்னாள். அண்ணா இரவு வேலையில் நின்றார். தொழிற்சாலைக்குள் தொலைபேசித் தொடர்பு கிடைப்பதில்லை. இடைவேளையில் உணவறைக் கணனியில் மின்னஞ்சல் பார்ப்பது அவருடைய வழக்கமாதலால், எல்லோருக்கும் போல அவருக்கும் போகட்டும் என்று பழைய கடிதத்துக்குப் 'பதில்' அழுத்தி எழுதினாள். அண்ணா அந்த வரியைப் பார்த்திருக்கிறார். வழமையான அடையாளங்கள், வழமையான வரி. மருந்து விபரமாயிருக்கும், வீட்டுக்குப் போய் வாசிக்கலாம் என்று எண்ணிக் கணனியை மூடிவிட்டுத் திரும்பவும் இயந்திரத்தடிக்குப் போய்விட்டார். விடிந்து வீட்டுக்கு வந்த பின்னரே அறிந்தார். முதல் விமானத்தைத் தவறவிட்டு, மறுநாள் விமானத்தில் ஏறினார்.

"தலைப்பை மாத்தியிருக்கலாமே" என்று அவர் இன்றைக்கும் சொல்வதுண்டு. "அந்தத் தலைப்பை மாத்த எனக்குக் கை வரேல்லை அண்ணா" என்பது தங்கையின் பதில். அந்தியேட்டி ஒழுங்குகளும், மறுவருடம் ஆட்டைத் திவசச் செலவுக் கணக்கும் 'அம்மாவின் சுகம்' என்ற தலைப்பின் கீழேயே எமக்கு வந்தன. நாமும் அதை மாற்றாமலே பதில் எழுதினோம்.